கோழியை விற்று வைக்கோல் வாங்கும் கொடுமை!

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். பழமொழி பழசுதான். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து கிராமங்களில் ஐப்பசி மாதம் ஒரு சுற்று சுற்றி வந்தால், அது இன்றைக்குக் காலையில்தான் யாரோ சொன்ன மாதிரி இருக்கும்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து வருடத்தில் 60,000 மாடுகள், 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள் என்று அறிவிப்பு. பின்னால் ஏழைப் பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், யாரும் மறுக்கவில்லை. மாட்டைக் கொடுத்தாயிற்று, குஞ்சைக் கொடுத்தாயிற்று. சரி, மழைக்காலத்தில் அந்த மாடு எதைத் தின்னும்? அந்தக் குஞ்சு எங்கே படுக்கும்? இந்தக் கேள்விக்கு மட்டும் எந்த மேடையிலும் பதில் கிடையாது.

பதில் அந்த வீட்டுப் பொம்பளைக்குத் தெரியும். அவள் கோழியை விற்று வைக்கோல் வாங்குகிறாள். வருடா வருடம்.

பஞ்சாரத்துக்குள் இருக்கும் பர்ஸ்

சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கறவை மாடு, ஏழெட்டுக் கோழி உள்ள ஒரு வீடு. வீட்டுக்காரர் மில்லுக்கோ கொத்தனார் வேலைக்கோ போகிறார். பால் காசு சங்கத்திலிருந்து வந்ததும் அரிசி, கடன், கரண்ட் பில் என்று கரைந்துவிடும். கோழிக் காசு அப்படி அல்ல. அது அவளுடைய காசு. பிள்ளைக்கு நோட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை, சீட்டுப் பணம், அக்கா வீட்டு விசேஷத்துக்குச் செய்முறை என்று எல்லாம் அந்தப் பஞ்சாரத்துக்குள் இருந்துதான் வெளியே வரும்.

இந்தியா முழுக்க இதுதான் நிலைமை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த கோழியினங்கள் சுமார் 85 கோடி. அதில் ஏறக்குறைய 32 கோடி புறக்கடைக் கோழிகள், அதாவது பண்ணையில் இல்லாமல் வீட்டு வாசலில் மேய்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது 45 சதவீதத்துக்கு மேல் அதிகம். இவ்வளவு பெரிய தொழிலுக்கு முதலாளி யார்? பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்கள்தான்.

இந்தக் கோழிக்கும் வைக்கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று டவுனில் இருப்பவர்கள் கேட்கலாம். இந்தப் பக்கம் வைக்கோல் போரைப் படப்பு என்பார்கள். படப்பின் மேல்பகுதி மாட்டுக்கு, அடிப்பகுதி கோழிக்கு! சிந்திய நெல்லையும் பூச்சியையும் கிளறித் தின்பது அங்கேதான். முட்டையிட ஒதுங்குவது அங்கேதான். அடைக்கு வைக்கிற கூடையில் மெத்தை போடுவதும் அதே வைக்கோல்தான். படப்பு இருக்கிற வீட்டில் கோழிக்குத் தனியாகச் செலவு கிடையாது. படப்பு இல்லாத வீட்டில் மாடும் இளைக்கும், கோழியும் இளைக்கும்.

காலண்டர் செய்யும் சதி

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

இந்தப் பக்கம் பெரும்பாலான நெல் அறுவடை தையில் தொடங்கிப் பங்குனி வரை நடக்கும். அப்போது வைக்கோல் மலிவு. களத்துக்கே போய் வாங்கலாம், பேரம் பேசலாம். அதற்குப் பிறகு விலை மெல்ல மெல்ல ஏறி, வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் உச்சத்தில் நிற்கும். பழைய வைக்கோல் தீர்ந்திருக்கும், புதுசு வயலில் பயிராக நிற்கும். இருப்பு வைத்திருப்பவன் வைத்ததுதான் விலை.

இப்போது கோழிப் பக்கம் வாருங்கள். நாட்டுக்கோழிக்கு எப்போது கிராக்கி? மாட்டுப்பொங்கல், மாசி பங்குனிக் குலதெய்வப் படையல், ஆடிக் கொடை, அப்புறம் தீபாவளிக்கு நாலு நாள். எப்போது கிராக்கி இல்லை? புரட்டாசியில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோவிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை போகும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த மாதம் பாதி ஊர் கவிச்சி தொடாது. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் மார்கழி முடிய இன்னொரு பாதி ஊர் தொடாது.

ஆக, வைக்கோல் உச்ச விலையில் இருக்கும்போது கோழி அடிமாட்டு விலை. கோழிக்கு நல்ல விலை கிடைக்கும்போது வைக்கோல் மலிவு. தையில் கோழியை விற்றுத் தையிலேயே வைக்கோல் வாங்கி அடுக்கிவிட்டால் அவள் பிழைத்தாள். ஆனால் தையில் கையில் வரும் காசு ஐப்பசிக் கடனுக்குப் போய்விடுகிறது. அடுக்குவதற்கு மேடான இடமும் இல்லை, மூடத் தார்ப்பாயும் இல்லை. எனவே விற்பதை மலிவாக விற்று, வாங்குவதை விலை கொடுத்து வாங்குகிறாள். இதற்குப் பெயர் விதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்குப் பெயர் கையில் முதல் இல்லாமை. அதைச் சரிசெய்ய முடியும்.

ஒரு கணக்கு

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்று வையுங்கள். மூன்று மாதத்துக்கு, அதாவது 90 நாளைக்கு, 450 கிலோ. கட்டு 15 கிலோ என்று வைத்தால் 30 கட்டு. தை விலையைவிட ஐப்பசியில் கட்டுக்கு 60 ரூபாய் ஏறியிருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கூடுதல் செலவு 1800 ரூபாய். ஒன்றரைக் கிலோ கோழி ஒன்று, கிலோ 300 ரூபாய் வீதம், 450 ரூபாய்க்குப் போகிறது என்றால் 1800 ரூபாய்க்கு நாலு கோழி. விலை ஏறியதற்கு மட்டும் நாலு கோழி! வீட்டில் இருப்பதே எட்டு.

போனது நாலு கோழி மட்டுமா? ஒரு நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை வரை இடும். பத்து முட்டையை அடை வைத்தால் 21 நாளில் எட்டுக் குஞ்சு பொரித்து, காக்கா, பருந்து, கீரிக்குப் போக அஞ்சாவது மிஞ்சும். தையில் பொரித்த குஞ்சு ஆடிக் கொடைக்கு விற்பனைக்குத் தயார். கார்த்திகையில் விற்ற நாலு கோழி, ஆடியில் விற்றிருக்க வேண்டிய இருபது கோழி. முதலையே அறுத்துத் தின்பது என்பது இதுதான். அவள் தின்னவும் இல்லை என்பது வேறு விஷயம்.

தராசு இல்லாத இரண்டு வியாபாரம்

இதில் இன்னொரு அநியாயம். டிவிஎஸ் வண்டியில் கூடை கட்டிக்கொண்டு வரும் கோழி வியாபாரி, காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். "ஒன்னேகால் கிலோதான்க்கா வரும்." தராசு எங்கே என்று கேட்டால், "நமக்குள்ள என்னக்கா தராசு?" என்பார். கோழி இரண்டு தடவை தும்மியிருந்தால் தீர்ந்தது. "சளி புடிச்சிருக்கு, நாளைக்குத் தலையைத் தொங்கப் போட்டுரும், குடுத்துருங்க" என்று பயம் காட்டியே பாதி விலைக்கு வாங்கிவிடுவார். அந்தப் பயம் பொய்யும் அல்ல. வெள்ளைக்கழிச்சல் வந்தால் தெருவையே துடைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு அரசு ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் பிப்ரவரி ஊசிக்கு அப்புறம் பொரித்த குஞ்சுகளுக்கு ஐப்பசிக்குள் ஊசி போடுவது யார்?

அடுத்து வைக்கோல் வண்டி. இந்த உரையாடலை எந்த ஊரிலும் கேட்கலாம்.

"அண்ணாச்சி, தையில சொன்ன வெல என்ன, இப்பச் சொல்ற வெல என்ன?"

"மழைல்லாம்மா... வண்டி வாடகை யாரு குடுப்பா? வேணும்னா எறக்கிக்கோங்க. இல்லன்னா ராத்திரிக்குள்ள புளியரை தாண்டிரும்."

"கட்டு சின்னதா இருக்கே?"

"மிஷின் கட்டும்மா, எல்லாம் ஒரே அளவுதான்."

ஒரே அளவெல்லாம் கிடையாது. 15 கிலோ என்று நம்பி வாங்கிய கட்டு 12 கிலோ இருந்தால், 30 கட்டு 360 கிலோதான். 90 நாள் தீனி 72 நாளில் தீரும். மிச்சம் 18 நாள் மாடு என்ன செய்யும்? நனைந்த கட்டென்றால் கையில் தூக்கும்போது கனமாகத்தான் இருக்கும். வீட்டில் பிரித்துப் பார்த்தால் நடுவில் கறுத்துப் போயிருக்கும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இவளிடம் கோழி வாங்குபவனுக்குத் தராசு வேண்டாம். வைக்கோல் விற்பவனுக்கும் தராசு வேண்டாம். ஆனால் இவள் தினமும் ஊற்றும் பாலை மட்டும் லாக்டோமீட்டர் விட்டு, மில்லியில் அளந்து, கொழுப்பு எவ்வளவு, இதரச் சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள். அளவு என்றாலே அது ஏழையை அளப்பதற்கு மட்டும்தானா?

வைக்கோல் எங்கே போகிறது?

வைக்கோலே இல்லை என்றால் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் இருக்கிறது! பிளவக்கல் அணைத் தண்ணீரில் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வயல்கள் விளைகின்றன. தேவதானம், சேத்தூர்க் கண்மாய்ப் பாசனத்திலும் நெல் உண்டு. 2025இல் ரீல்ஸ் பார்த்துவிட்டுக் கூமாப்பட்டியைத் தேடி வந்தவர்கள் பச்சையைப் பார்த்து போட்டோ எடுத்தார்கள். அறுவடை முடிந்தபின் அந்த வயலின் வைக்கோல் யார் வீட்டுக்குப் போகிறது என்று எந்த ரீல்ஸும் காட்டவில்லை.

முன்பு கையால் அறுத்துக் களத்தில் அடித்தபோது, கூலிக்குப் போன வீட்டுக்கும் ஒரு தலைச்சுமை வைக்கோல் சுலபமாகக் கிடைத்தது. இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அது வைக்கோலை நசுக்கி, துண்டாக்கி வயலில் கொட்டிவிட்டுப் போகிறது. அதை அள்ள இன்னொரு இயந்திரம், கட்டு கட்டும் பேலர் வேண்டும். பேலர் வைத்திருப்பவர் மொத்தமாகக் கட்டி லாரியில் ஏற்றுகிறார். திருமங்கலத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊர்களின் வாசலிலேயே போகிறது. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போகும் வைக்கோல் லாரிகளை அங்கே யாரும் பார்க்கலாம்.

கேரளத்து மாடு என்ன பாவம் செய்தது, அதுவும் தின்ன வேண்டாமா என்றால், தாராளமாகத் தின்னட்டும். அங்கே நெல் வயல் சுருங்கிவிட்டது, இங்கிருந்து வாங்குகிறார்கள். விளைவித்த விவசாயிக்கும் நாலு காசு கிடைக்கட்டும். தப்பு வாங்குகிறவன் மேல் இல்லை. தன் ஊர் மாட்டுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைக்காத ஊர்மேல்தான் தப்பு. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்ததும் புளியரைச் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்தி மருந்து அடித்தார்கள். கோழி வந்தால் தடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, வைக்கோல் போனால் எண்ண வேண்டும் என்று தோன்றவில்லையே!

மேய்ச்சலாவது உண்டா? மேற்கே மலை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. காடு காக்கப்பட வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் மலையடிவாரத்து மாட்டைக் காட்டுக்குள் போகாதே என்று தடுத்தவர்கள், அதற்கு மாற்றாக ஒரு கட்டு வைக்கோலுக்காவது வழி சொன்னார்களா?

பூசணம் பால்கோவா வரைக்கும் போகும்

இது ஏழைகள் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கும் பால்கோவா ரசிகர்களுக்கு ஒரு செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாடியது. அதே 2019 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு தழுவிய பால் ஆய்வு முடிவை வெளியிட்டது. 6,432 மாதிரிகளில் 368இல் அஃப்ளாடாக்ஸின் எம்1 என்ற நச்சு அளவுக்கு மேல் இருந்தது. அந்தப் பட்டியலில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு, 551 மாதிரிகளில் 88. இது தண்ணீர் கலந்த விவகாரம் அல்ல. பூசணம் பிடித்த தீவனத்தை மாடு தின்றால் அந்த நச்சு பால் வழியாக வரும் என்று ஆணையமே சொன்னது.

அந்த ஆய்வு ஸ்ரீவில்லிபுத்தூரைக் குறிவைத்து நடந்ததல்ல. இந்த ஊர்ப் பால் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாலும் சீனியும் தவிர வேறொன்றும் சேராத ஒரு பண்டத்தின் பெயரை வைத்து வாழும் ஊர், தன் மாடு மழைக்காலத்தில் எதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டாமா? காசில்லாத வீட்டில் நடுவே கறுத்த கட்டைத் தூக்கி எறிய முடியுமா? உதறிவிட்டு மாட்டுக்குத்தான் போடுவார்கள். மிச்சத்தைக் கோழிக்குப் படுக்கையாகப் போடுவார்கள். பூசண வைக்கோலில் இருந்து பறக்கும் வித்துக்கள் குஞ்சின் நுரையீரலுக்குப் போய் மூச்சுத் திணற வைக்கும். ஈரப் படுக்கையில் ரத்தக்கழிச்சல் வரும். ராஜபாளையத்துக் குளிர் கோழியைக் கொல்லாது. ஈரம்தான் கொல்லும்.

என்னதான் செய்வது?

இலவசம் யாரும் கேட்கவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. தையில் வாங்கி, ஐப்பசியில், அடக்க விலைக்கு, எடை போட்டுக் கொடுங்கள்.

பால் சங்கம் இருக்கிறது. தராசு இருக்கிறது. உறுப்பினர் யார், யாருக்கு எத்தனை மாடு என்ற கணக்கும் இருக்கிறது. கலப்புத் தீவனத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டுப் பால் காசில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல சங்கங்களில் ஏற்கனவே உண்டு. அதே நோட்டில் வைக்கோலுக்கு இன்னொரு பத்தி போட எத்தனை நாள் ஆகும்? அறுவடை நேரத்தில் பேலர்காரரிடம் மொத்தமாகப் பேசினால் விலையும் குறையும். உயரமாக ஒரு மேடை, மேலே தார்ப்பாய், பக்கத்தில் தீ பிடிக்காத இடைவெளி, அவ்வளவுதான் கிடங்கு. காய்ந்த கட்டை மட்டும் உள்ளே விட வேண்டும், ஈரக் கட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முடியாது என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2017 வறட்சியின்போது மானிய விலையில் உலர்தீவனம் விற்கும் கிடங்குகளை இதே தமிழ்நாட்டில் அரசு திறந்தது. ஆக, எடை போட்டு வைக்கோல் விற்க அரசுக்குத் தெரியும். ஊர் முழுக்கக் காய்ந்து பேப்பரில் போட்டோ வந்தால்தான் அந்த அறிவு விழிக்கும் போலிருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒவ்வொரு வீட்டில் வரும் வறட்சி போட்டோவில் விழாது.

"வைக்கோலில் என்ன சத்து இருக்கிறது, பசுந்தீவனம் போடச் சொல்லுங்கள்" என்பார்கள் சில படித்தவர்கள். தண்ணீரும் நிலமும் உள்ளவர்கள் போடட்டும். இல்லாதவளுக்கு இருக்கிற வைக்கோலையே சத்தாக்கும் வழியும் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் புரதம் கூடும். இளங்கன்றுக்குப் போடக் கூடாது, கரைசலில் கோழி வாய் வைக்காமல் பார்க்க வேண்டும். இதைச் சங்கமே மேடையில் வைத்து முறையாகச் செய்து கொடுக்கலாம். அதற்கும் முதலில் வைக்கோல் வேண்டுமே!

"சந்தையில் விலை ஏறும் இறங்கும், அதில் யாரும் தலையிடக் கூடாது" என்பது இன்னொரு கட்சி. சந்தை என்றால் வாங்குகிறவனும் விற்கிறவனும் தராசைப் பார்த்துப் பேச வேண்டும். ஒருத்திக்கு மட்டும் காத்திருக்க முடியாது, ஒருத்திக்கு மட்டும் எடை தெரியாது என்றால் அது சந்தை இல்லை, வழிப்பறி. கொஞ்சம் மரியாதையான வழிப்பறி.

யூடியூப்பைத் திறந்தால் "பத்துக் கோழி, மாதம் அரை லட்சம்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே பேசுகிறார். 2012இல் ஈமு கோழியை நம்பிக் கொங்கு மண்டலத்தில் பணம் போட்டவர்களுக்கும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இந்தப் பெண்களுக்கு அரை லட்சம் வேண்டாம். அடைக்கு உட்கார்ந்த கோழியை அடையிலிருந்து தூக்கி விற்காமல் இருக்க முடிந்தால் போதும். முதல் மிஞ்சினால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இத்தனை வருடம் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறார்கள்.

வைக்கோல் போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று நாயைத் திட்டுவது வழக்கம். பாவம், தபால்தலையில் இடம்பிடித்த நாய் ராஜபாளையத்து நாய். அதன் மேல் பழி போட வேண்டாம். தையில் வாசல் வழியே போகும் வைக்கோலை நிறுத்தி வைக்காமல், ஐப்பசியில் குஞ்சு கொடுக்க மேடை போடுகிற மனுஷர்களைத்தான் கேட்க வேண்டும்.

வைகுண்டம் எல்லாம் அப்புறம் காட்டலாம். முதலில் கூரை ஏறி அந்தக் கோழியைப் பிடித்து, அவள் பஞ்சாரத்துக்குள்ளேயே திரும்ப விடுங்கள்.